மின்கட்டணம் எகிறியதா? மீட்டரைப் பாருங்கள்

மின்கட்டணச் சீட்டில் தொகை எகிறியிருந்தால், பல வீடுகளில் முதல் குற்றவாளி பிள்ளைகள்தாம். "எந்நேரமும் கைப்பேசி" என்பார் அம்மா. "மீட்டரே கோளாறு" என்பார் அப்பா. இருவரிடமும் சான்று இல்லை. அதைத் தேடித் தரக்கூடியவர், கிலோவாட் மணியைப் பாடமாகப் படித்த நீங்கள்தான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, மலேசியாவில் வீடு வீடாகச் சென்று மீட்டர் பார்ப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த கட்டணத்தைக் கண்டு பலர் அதிர்ந்தனர். பல வாரப் பயன்பாடு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் பயன்பாடும் கூடியிருந்தது. எது எவ்வளவு என்று பிரித்தறிய, சொந்தமாகக் குறித்து வைத்த மீட்டர் எண்கள் தேவைப்பட்டன.

ஆகவே, முதலில் சீட்டைப் படியுங்கள். அது எத்தனை நாளுக்குரியது? அளவு உண்மையில் பார்த்து எழுதியதா, உத்தேசமா? சீட்டிலுள்ள எண்ணைவிட இன்றைய மீட்டர் எண் குறைவாக இருந்தால், கணக்கில் பிழை இருக்கிறது. அடுத்து, ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறியுங்கள்.

பிறகு கணக்கிடுங்கள். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 10 வாட் கைப்பேசி மின்னூட்டி தினமும் மூன்று மணி நேரம் இயங்கினாலும் மாதத்தில் ஒரு யூனிட்டைத் தொடாது. 3,600 வாட் சுடுநீர்க் கருவியில் நால்வர் தினமும் பத்துப் பத்து நிமிடம் குளித்தால், மாதம் 72 யூனிட்! குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு விடிய விடிய கைப்பேசி பார்ப்பவர்கள் மட்டும் அம்மாவிடம் வாதாட வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. எல்லாக் கருவிகளையும் அணைத்து, இணைப்புகளையும் கழற்றிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். அதன் சிறு விளக்கு இன்னும் விட்டு விட்டு மின்னினால், மறந்துபோன கருவியோ, மின்கசிவோ, மீட்டர் கோளாறோ இருக்கலாம். கசிவு உயிருக்கே ஆபத்து. மீட்டரைத் திறக்காதீர்கள், முத்திரையைத் தொடாதீர்கள். பெற்றோரிடம் சொல்லி, பதிவு பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

தவறு மின்வாரியத்தின் பக்கம் என்றால், குறித்து வைத்த எண்களோடு முறையிடுங்கள். வீட்டின் பக்கம் என்றால், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். கோபப்படுவதால் கட்டணம் குறையாது. காரணம் தெரிந்தால் குறைக்கலாம்.