வாளிக்கு ஒரு நினைவுத் தகடு

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்றொரு சிற்றூர். அதனருகே சாலையோரத்தில் ஒரு நினைவுத் தகடு இருக்கிறது. அங்கே போர் நடக்கவில்லை. மன்னர் எவரும் பிறக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்த இடம் அது! செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவிகளின் துல்லியத்தைக் குறைத்திருந்த தடையை அமெரிக்க அரசு அப்போதுதான் நீக்கியிருந்தது. கருவியைக் கொண்டு தேடி வருவோர் ஒரு பொருளை எடுக்கலாம். ஒன்றை வைக்க வேண்டும். குறிப்பேட்டில் எழுத வேண்டும். உலகெங்கும் பரவிய 'ஜியோகேச்சிங்' விளையாட்டு அங்கே பிறந்ததுதான்.

சிறுபிள்ளை விளையாட்டென நகைப்பார் உளர். நான் நகையேன். வாளிக்கே தகடு வைத்துப் போற்றுகிறார்கள் அவர்கள். நாமோ? சென்ற சுற்றுலாவில் பழைய மண்டபத் தூணில் நம் நண்பர் சிலர் தம் பெயரைக் கீறினர். தடுக்காமல் நின்றவர்களுள் நானும் ஒருவன். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

வந்து சென்றதைப் பதிய விரும்புவது மனித இயல்பு, குற்றமன்று. அதற்குக் கல் எதற்கு? அடுத்த பயணத்தில் சங்கம் ஒரு குறிப்பேடு கொண்டு வரட்டும். முதற் பெயரை நான் எழுதுகிறேன்.