ஆயா கணக்கு

ஆபீஸில் பாட்டி சாவுக்கு மரியாதையே கிடையாது ஸார். இந்தியா - பாகிஸ்தான் மேட்ச் அன்றைக்கெல்லாம் ஆளாளுக்கு எத்தனை பாட்டிகளைக் கொன்றிருக்கிறார்கள்! நிஜமாகவே பாட்டி போய் ஒருத்தன் லீவ் கேட்டால், மேனேஜர் அனுதாபப்படுவதில்லை. காலண்டரைப் பார்க்கிறார்.

எனக்கு இன்னொரு சிக்கல். எங்கள் மரக்காணம் பக்கம் பாட்டியை 'ஆயா' என்போம். அப்போது ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆயா செத்துட்டாங்க ஸார்" என்றதும் மேனேஜர் பதறிவிட்டார். "ஐயையோ, இப்பதானேய்யா டேபிளைத் துடைச்சுட்டுப் போனாங்க!"

மரக்காணம் தெரியுமில்லையா? ஈ.சி.ஆரில் ரோட்டோரம் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்குமே, அந்த ஊர். பாண்டிச்சேரி போகிற உற்சாகத்தில் யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. திரும்பி வரும்போது பார்க்கிற நிலைமையில் இருப்பதில்லை! சென்னையில் பறக்கும் ரயிலில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறீர்களே, அந்த பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிவது எங்கள் ஊரில்தான். ஒரு காலத்தில் மெட்ராஸுக்கு உப்பு அதில்தான் படகேறிப் போனது.

ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிலோ உப்பு இருக்கிறது. தண்ணீரை வெயில் குடித்தால்தான் அது நமக்கு. அதனால் கோடைதான் சீஸன். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்று இருட்டிலேயே அளத்துக்குப் போவார்கள். பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவது பெண்கள் வேலை. ஆயா ஐம்பது வருஷம் சுமந்தாள். "பி.பி. இருக்கு, உப்பைக் குறைங்கம்மா" என்று டாக்டர் சொன்னபோது, "நான் குறைப்பேன், மேஸ்திரி விடணுமே" என்றாள்.

ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி மூழ்கும். கூலியும் மூழ்கும். மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்பதெல்லாம் இந்தச் சில வருஷத்துச் சமாசாரம். ஆயா காலத்தில் மழை மட்டும்தான் வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் ஒரு கோடு இழுப்பாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள்கூட அந்தச் சுவரைத் தொடக் கூடாது. நான் பி.காம். படித்த ஜோரில் டெபிட், கிரெடிட் எல்லாம் விளக்கியபோது, "போனா ஒரு கோடு, போகாட்டி இல்ல. இதுக்குப் போய் மூணு வருசமாடா கண்ணு?" என்றாள்.

காரியத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை நகர்த்தியபோதுதான் அந்தச் சுவரை முழுசாகப் பார்த்தேன். சீஸனுக்கு ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு சாண் காலி. அதுதான் மழைக்காலம். எந்த வருஷத்து நவம்பருக்கும் ஒரு கோடு கிடையாது.

என் காலேஜ் ஃபீஸ் ரசீது ஃபைலில் இருக்கிறது. நவம்பர் 2007.

வரவில் இல்லாத பணம் செலவில் இருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் ஸார் ஆடிட். அந்தத் தடவை லீவில் ஊருக்குப் போனபோது ஆயா காதில் கம்மல் இல்லை. வேப்பங்குச்சி செருகியிருந்தாள். "என்ன ஆயா இது?" என்றேன். "வயசாயிடுச்சில்ல கண்ணு, காது கனம் தாங்கல" என்றாள். வாழ்நாள் பூரா உப்புக் கூடை சுமந்தவளுக்கு, அரைப் பவுன் கம்மல் கனத்ததாம்!

வெள்ளையடிக்க வந்தவர் ஒரு கோட்டிங் அடித்தார். சுண்ணாம்பு காய்ந்த பிறகும் கரிக்கோடுகள் லேசாகத் தெரிந்தன.

"இன்னொரு கோட்டிங் அடிச்சா சுத்தமா மறைஞ்சுடும்ணா" என்றார்.

"வேணாம்ப்பா, கூலி மிச்சம்" என்றார் அப்பா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.