முல்லோயா கோவிந்தனும் தியாகத்தின் இலக்கணமும்

கெலிஓயாவுக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கோவிந்தன், மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியாகப் போற்றப்படுகிறார். அந்நாளே மலையகத் தியாகிகள் தினமாகவும் நினைவுகூரப்படுகிறது. ஆயினும், அவர் எந்த வகையில் தியாகி என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

சமய மரபுகள் பலவும் தியாகி என்று முதன்மையாகக் கொள்வது, நம்பிக்கையைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் கைவிட மறுத்துச் சாவை ஏற்பவரையே. கோவிந்தனின் முன் அப்படியொரு தெரிவு வைக்கப்படவில்லை. லங்கா சமசமாஜக் கட்சியினர் வழிநடத்திய சங்கத்தில் இணைந்து, 16 சதச் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த பலருள் அவரும் ஒருவர்; குண்டு அவர்களுள் எவரையும் சாய்த்திருக்கக்கூடும்.

இதனால் அவரது தியாகம் சிறுத்துவிடாது. அதைத் தேட வேண்டிய இடம்தான் மாறுகிறது. அன்றைய தோட்டத்தில் வேலை, லயன் அறை, அரிசி என்ற மூன்றும் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தமையால், சங்கத்தில் சேர்ந்தவரைத் தோட்டத் துரை பற்றுச்சீட்டுக் கொடுத்து, அதாவது வேலையிலிருந்து விலக்கி, குடும்பத்தோடு தெருவில் நிறுத்த முடிந்தது. பிள்ளைகளின் பசியையும் எண்ணிப் பார்த்த பின்னரே அத்தொழிலாளர் பேரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக மறுத்தனர் என்பதால், அவர்கள் அறிந்தே ஏற்ற துன்பம் துப்பாக்கி வெடிப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

அம்மரணத்தைக் கொழும்பு நோக்கிய விதம் வேதனையானது. வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்கை ஒத்திவைக்குமாறு உள்துறை அமைச்சர் பணித்ததைப் பொலிஸ் மா அதிபர் ஏற்காதபோது, ஆளுநர் கால்டிகொட் பின்னவரின் பக்கம் நின்றார். அதை எதிர்த்து அமைச்சர்கள் பதவி விலகினர். ஒரு தொழிலாளியின் உயிர் இவ்வாறு அரசியலமைப்பு அதிகாரம் பற்றிய சர்ச்சையாகிவிட, துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகச் சமசமாஜக் கட்சியின் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றியதே அவ்விழப்பு எந்தக் குடும்பத்துக்குரியது என்பதை அவையறியச் செய்தது.

1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணனின் பெயரும் தியாகிகள் தினத்தில் ஒலிக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பற்றுச்சீட்டுப் பெற்று வெளியேறி, உயிரோடிருந்தே அந்த விலையைச் செலுத்திய குடும்பங்களின் பெயர்களையும் தோட்டந்தோறும் கேட்டுப் பதிவு செய்வது, அவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இக்காலத்திலேயே சங்கங்கள் செய்து முடிக்க வேண்டிய பணி.