குட்டிப் பச்சோந்தி சாப்பிட மறுப்பது ஏன்? வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியலும் சட்டமும்

அண்ணாமலை நகரில் நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்திக் குட்டி. மூன்று நாளாக அது எதையும் தொடவில்லை. போட்ட பூச்சிகள் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. குட்டியோ பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு குச்சியைப் பிடித்தபடி இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால், ‘இது எங்கே கிடைச்சுது?’ என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

காட்சி கற்பனைதான். ஆனால் குட்டி ஏன் சாப்பிடவில்லை, அதை வைத்திருப்பது சட்டப்படி சரியா என்ற இரண்டு கேள்விகளும் நிஜமானவை. இரண்டாவது கேள்விக்குப் பயந்து முதல் கேள்வியைத் தள்ளிப்போடும்போதுதான் குட்டியின் உயிர் போகிறது.

பச்சோந்தி எப்படி வீட்டுக்குள் வந்தது?

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் என்று இருந்த வளர்ப்புப் பிராணிகளின் பட்டியலில் இப்போது பால் பைத்தான், இகுவானா, பச்சோந்தி எல்லாம் சேர்ந்துவிட்டன. ரீல்ஸில் பார்க்க அழகு. சத்தம் போடாது, வாக்கிங் கூட்டிப்போக வேண்டாம், சின்ன அறையில் அடங்கிவிடும். தனியாக அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களுக்கு இது வசதியாகத் தெரிகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கடத்தல் சங்கிலி இருக்கிறது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் உயிருள்ள விலங்குகளை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் கண்டுபிடித்தனர். தொடர்ந்து ஒரு பண்ணை வீட்டில் நடந்த சோதனையில் 48 இனங்களைச் சேர்ந்த 139 விலங்குகள் சிக்கின. மஞ்சள் அனகோண்டா, இகுவானா, பால் பைத்தான் ஆகியவற்றோடு ‘வெய்ல்டு’ வகைப் பச்சோந்தியும் அந்தப் பட்டியலில் இருந்தது. சென்னை விமான நிலையத்திலும் இதே பாங்காக் வழித்தடத்தில் வரும் ஊர்வன அவ்வப்போது பிடிபடுகின்றன.

பெட்டிக்குள் பல மணி நேரம் தண்ணீரும் காற்றோட்டமும் இல்லாமல் வரும் குட்டி, ஏற்கெனவே பாதி நோயாளியாகத்தான் வாங்குபவரின் கைக்கு வந்து சேர்கிறது.

முதலில், அது பச்சோந்திதானா?

நம்மூரில் ஓணானையே பலர் பச்சோந்தி என்று சொல்வதுண்டு. வேலியில் தலையாட்டிக்கொண்டு, இனப்பெருக்கக் காலத்தில் கழுத்து சிவந்து நிற்பது ஓணான். நிறம் மாறும் என்பதால் இந்தக் குழப்பம்.

பச்சோந்தியை அடையாளம் காண்பது எளிது. கூம்பு போலத் துருத்திய கண்கள் இரண்டும் தனித்தனியாக வெவ்வேறு திசையில் சுழலும். கால் விரல்கள் இரண்டு கொத்தாகச் சேர்ந்து இடுக்கி போலக் கிளையைப் பிடிக்கும். வால் சுருளும். காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் அசைந்து அசைந்து மெதுவாக நடக்கும்.

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. கிட்டத்தட்ட பாதி மடகாஸ்கர் தீவில் மட்டும் வாழ்கின்றன. இந்தியாவில் இருப்பது ஒரே ஒரு இனம். ‘கமேலியோ ஜெய்லானிகஸ்’ என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்தியப் பச்சோந்தி. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் தோப்புகளிலும் இதைப் பார்க்கலாம். இதற்கு விஷம் கிடையாது.

நம்மூர்ப் பச்சோந்தியை வளர்க்கலாமா?

கூடாது. இந்தியப் பச்சோந்தி, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். ‘நான் வேட்டையாடலையே, ரோட்டில் கிடந்ததைத்தானே எடுத்தேன்’ என்ற வாதம் எடுபடாது. காட்டுயிரைப் பிடிப்பதும் பொறி வைப்பதும்கூட அந்தச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான்.

சட்டத்தின் 39-வது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. இப்படிப் பிடிபட்ட காட்டுயிர் அரசின் சொத்து. அது ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும்.

2022-ல் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தண்டனையைக் கூட்டியது. பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

அப்போ வெளிநாட்டுப் பச்சோந்தின்னா ஓகேவா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘இது இந்திய இனம் இல்லை, அதனால் பிரச்னை இல்லை ப்ரோ’ என்று விற்பவர் சொல்வார். ஒரு காலத்தில் அந்த இடைவெளி இருந்தது உண்மை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டஸ்’ ஒப்பந்தத்தில் இந்தியா 1976-லேயே சேர்ந்தாலும், வெளிநாட்டு உயிரினங்களை நாட்டுக்குள் வைத்திருப்பது பற்றி வன உயிரினச் சட்டம் பெரிதாகப் பேசவில்லை.

2022 திருத்தம் இதை மாற்றியது. சைட்டஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்காகச் சட்டத்தில் நான்காவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதிகம் விற்கப்படும் வெய்ல்டு, பேந்தர் ஆகிய இரண்டு பச்சோந்தி வகைகளுமே சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இவற்றை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. அதன் பிறகு வாங்குபவர்கள் 30 நாளுக்குள் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆக, வளர்ப்பது முழுக்கத் தடை இல்லை. ஆனால் முறையான இறக்குமதி அனுமதி, வாங்கியதற்கான ஆவணம், பதிவு மூன்றும் வேண்டும். சாட்டில் பேசி, ஜிபேயில் பணம் அனுப்பி, பஸ் பார்சலில் வாங்கிய குட்டிக்கு இதில் எதுவும் இருக்காது. விற்றவரின் எண் மறுநாளே ஸ்விட்ச் ஆஃப் ஆகலாம். பொறுப்பு முழுவதும் வாங்கியவர் தலையில் வந்து நிற்கும்.

சரி, குட்டி ஏன் சாப்பிட மாட்டேங்குது?

பச்சோந்தி பசியில்லாமல் இருப்பது தனி நோய் அல்ல, வேறு ஏதோ கோளாறின் அறிகுறி. பெரும்பாலும் காரணம் கூண்டில்தான் இருக்கும்.

*வெப்பம்:* பச்சோந்தி குளிர் ரத்தப் பிராணி. உணவு செரிக்க வெளியிலிருந்து சூடு வேண்டும். வெய்ல்டு வகைக் குட்டிக்கு வெயில் காயும் இடத்தில் சுமார் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். கூண்டின் மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நாள் முழுக்க 22 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் வைத்தால் வயிற்றில் போனது அப்படியே கிடக்கும்.

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. பச்சோந்தியின் நாக்கு வில்லைப் போல இழுத்து வைத்த விசையில் பாய்கிறது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெய்ல்டு பச்சோந்தியைச் சோதித்தபோது, குளிரிலும் நாக்கை வீசும் திறன் பெரிதாகக் குறையவில்லை, திரும்ப இழுக்கும் வேகம்தான் நன்றாகக் குறைந்தது என்று தெரிந்தது. அதனால் ‘நாக்கை நீட்டிப் பிடிக்கிறதே, அப்போ சூடு போதும்’ என்று முடிவு கட்டக் கூடாது.

எதிர்த் தவறும் நடக்கிறது. சித்திரை வெயிலில் கண்ணாடித் தொட்டியோடு மொட்டை மாடியில் வைத்தால், தொட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். பச்சோந்திக்குக் காற்றோட்டமான வலைக் கூண்டுதான் ஏற்றது.

*தண்ணீர்:* கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்ளாது. காட்டில் அவை இலையில் உருளும் துளிகளை நக்கித்தான் குடிக்கும். காலையும் மாலையும் இலைகள் மேல் நன்றாகத் தெளிக்க வேண்டும், அல்லது சொட்டுச் சொட்டாக விழும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். உடலில் நீர் வற்றினால் முதலில் நிற்பது சாப்பாடுதான். கண் உள்ளே குழிவதும், எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாவதும் நீர் வற்றியதற்கான அடையாளங்கள்.

*வெளிச்சம்:* சூரிய ஒளியில் உள்ள புற ஊதா ‘பி’ கதிர் பட்டால்தான் பச்சோந்தியின் உடல் வைட்டமின் டி3-ஐ உருவாக்கி, கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கதிர் போதவில்லை என்றால் எலும்பு மெலியும், தாடை வளையும், கால் கோணும். தசைக்கும் கால்சியம் தேவை என்பதால் நாக்கு வலுவிழந்து குறி தப்பும். அப்போது குட்டிக்குப் பசி இருந்தாலும் இரையைப் பிடிக்க முடியாது.

ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. சாதாரண கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சாதாரண எல்.இ.டி. பல்பிலும் அது இல்லை. ஊர்வனவற்றுக்கான தனி விளக்கு வேண்டும். அந்த விளக்கும் எரிந்துகொண்டே இருந்தாலும் சில மாதங்களில் கதிரின் அளவு குறைந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும்.

*மன அழுத்தம்:* பச்சோந்தி தனிமை விரும்பி. கையில் எடுத்து விளையாடுவதும், நண்பர்கள் சூழ்ந்து போட்டோ எடுப்பதும் அதற்குப் பாசமாகத் தெரியாது. வேட்டையாட வந்தவர்களாகத்தான் தெரியும். தொட்டிக் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்தே எதிரி என்று மிரளும். ஒளிந்துகொள்ள அடர்ந்த இலைகள் வேண்டும். கூண்டு கண் மட்டத்துக்கு மேல் இருந்தால் நல்லது. ஒரே கூண்டில் இரண்டு குட்டிகள் வேண்டாம்.

*இரை:* குட்டியின் இரு கண்களுக்கும் இடையிலான அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது என்பது வளர்ப்பவர்களின் பழைய கணக்கு. தினமும் ஒரே பூச்சியைப் போட்டாலும் சலித்து ஒதுக்கும். சாப்பிடாத சில்வண்டுகளை இரவில் உள்ளேயே விட்டால் அவை குட்டியையே கடிக்கும்.

சிதம்பரம் பகுதியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல்கள். மருந்து அடித்த வயலோரம் பிடித்த வெட்டுக்கிளியைப் போட்டால், அதன் உடம்பில் உள்ள பூச்சிமருந்து குட்டிக்குள் போகும். மருந்து படாத இடத்துப் பூச்சி, அல்லது அதற்கென்றே வளர்த்த பூச்சிதான் பாதுகாப்பு.

*நோய்:* காட்டிலிருந்து பிடித்த பச்சோந்திகளின் வயிற்றில் புழுக்கள் இருப்பது சகஜம். வாய்ப்புண், சளி, குடல் அடைப்பு ஆகியவையும் காரணமாகலாம். தோல் உரிக்கும்போது மட்டும் ஓரிரு நாள் சாப்பாடு குறைவது இயல்பு.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினி தாங்கும். குட்டியின் உடலில் அவ்வளவு சேமிப்பு கிடையாது. இரண்டு நாளாகச் சாப்பிடாமல், கூடவே கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் போவதே சரி:

• பகலில் கண் மூடியே இருப்பது, கண் குழிவது
• கிளையைப் பிடிக்க முடியாமல் கூண்டின் தரையில் கிடப்பது
• வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது
• தாடை, கால் வளைவது அல்லது வீங்குவது
• எடை தொடர்ந்து குறைவது (கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் இது சீக்கிரமே தெரிந்துவிடும்)

வாயைப் பிளந்து உணவைத் திணிப்பது, சிரிஞ்சில் தண்ணீரைப் பீய்ச்சுவது, பால் கொடுப்பது, மனிதர்களுக்கான வைட்டமின் சிரப்பை ஊற்றுவது ஆகியவற்றைச் செய்யவே வேண்டாம். மெல்லிய தாடை உடையலாம். நீர் நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிருக்கு முடிவாகிவிடும்.

எங்கே போவது?

நாய், மாடு பார்க்கும் எல்லா மருத்துவர்களுக்கும் ஊர்வன பார்த்த அனுபவம் இருக்காது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிப்பது நல்ல தொடக்கம். சிதம்பரத்தில் இருப்பவர்களுக்குக் கடலூர் தாண்டிப் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தெற்கே தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டிலும், சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஊர்வன பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

போகும்போது காற்றோட்டமுள்ள சின்னப் பெட்டியில் ஒரு குச்சியை வைத்துக் கொண்டுபோங்கள். புதிய எச்சத்தையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். புழு இருக்கிறதா என்று பார்க்க உதவும். கூண்டு, விளக்கு இரண்டின் போட்டோவும் மொபைலில் இருக்கட்டும். பாதி நோயை மருத்துவர் அதிலேயே கண்டுபிடிப்பார்.

கையில் இருப்பது இந்தியப் பச்சோந்தி என்றால் வழி ஒன்றுதான். வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காமல் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

‘பேசாம வெளியே விட்டுடலாமா?’

பயத்தில் பலருக்கும் தோன்றும் யோசனை இதுதான். வெளிநாட்டு இனமாக இருந்தால் இது மிகத் தவறு. ஏமன், சவூதி அரேபியாவைச் சேர்ந்த வெய்ல்டு பச்சோந்தி, வளர்ப்புப் பிராணியாகப் போய் இன்று ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் வெளியே பெருகிக் கிடக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் ஓரத்திலோ பல்கலைக்கழக வளாகத்து மரத்திலோ விட்டால், நோயுற்ற குட்டி சாகும். பிழைத்தால், உள்ளூர் உயிர்களுக்கு அது புதிய தலைவலி.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

2024 விதிகள் பதிவை நம்பி நிற்கின்றன. பதிவு செய்ய வேண்டுமென்றால் உரிமையாளர் தானாக முன்வர வேண்டும். ஆவணம் இல்லாதவர் முன்வரப் பயப்படுவார். பயப்படுபவர் மருத்துவரிடமும் போக மாட்டார், விற்றவரையும் காட்டிக்கொடுக்க மாட்டார். கடத்தல்காரருக்கு வேண்டியதும் அதுதான். குட்டி செத்தால் சத்தமில்லாமல் குப்பையில் போகும், வாங்கியவர் இன்னொன்று வாங்குவார்.

இந்தச் சங்கிலியை அறுக்க விமான நிலையச் சோதனை மட்டும் போதாது. பணம் அனுப்புவதற்கு முன்பே ‘இறக்குமதி ஆவணம் இருக்கா? பதிவு எண் இருக்கா?’ என்று வாங்குபவர் கேட்டாக வேண்டும். பதில் இழுத்தால் வாங்கக் கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வனத்துறையிடம் பேசத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. தேவைப்பட்டால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு பேசலாம். அந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் ஆகலாம். மூன்று நாளாகச் சாப்பிடாத குட்டிக்கு அவ்வளவு நாள் இல்லை. அதனால் மருத்துவரிடம் இன்றைக்கே போக வேண்டும்.