மூணு செட்தானே ஆடுறாங்க?



போன பொங்கலுக்கு எங்கள் ஊர் விளையாட்டு விழாவில் கபடி நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். ஆண்கள் அணிக்கு முதல் பரிசு 3001 ரூபாயும் ஒரு பெரிய கோப்பையும். பெண்கள் அணிக்கு முதல் பரிசு 1001 ரூபாயும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும். ஜெயித்தது எங்கள் அணிதான், அதனால் மேடையில் சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். அந்த டப்பாவில் இப்போது அம்மா புளி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இறங்கி வந்ததும் மன்றத்து அண்ணன் ஒருவரிடம், "ஏண்ணா எங்களுக்கு மட்டும் கம்மி?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "அவங்க இருபது இருபது நிமிஷம் ஆடுறாங்க பாப்பா. நீங்க பதினஞ்சு பதினஞ்சுதானே?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். அவர்கள் 40 நிமிடம், நாங்கள் 30 நிமிடம். அதாவது முக்கால் பங்கு. 3001-இல் முக்கால் பங்கு என்றால் 2250 ரூபாய்க்கு மேல் வருகிறது. 1001 எந்தக் கணக்கு?

பி.டி. மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். மிஸ் சிரித்தார்கள். "இதே பேச்சை டென்னிஸ்ல எத்தனையோ வருஷமா பேசிட்டு இருக்காங்கடி, போய்ப் படி" என்றார்கள். நமக்கு டென்னிஸ் என்றால் ரிங் டென்னிஸ்தான். பேட் வைத்து ஆடுகிற டென்னிஸில் சானியா மிர்சா பேரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்திலும் கம்ப்யூட்டர் அறையிலும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் ஊர்க் கதையே அங்கேயும் இருந்தது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். விம்பிள்டன், அமெரிக்க ஓபன், பிரெஞ்சு ஓபன், ஆஸ்திரேலிய ஓபன் ஆகிய நான்கு பெரிய போட்டிகளையும் கிராண்ட் ஸ்லாம் என்கிறார்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஆண்களுக்கு அங்கே 5 செட், முதலில் 3 செட் எடுப்பவர் வெற்றி. பெண்களுக்கு 3 செட், முதலில் 2 செட் எடுப்பவர் வெற்றி. இதை வைத்துத்தான், "மூணு செட் ஆடிட்டு சம பரிசு கேக்கறாங்களா?" என்று பல வருடம் கேட்டார்கள். நம் வகுப்பிலும் ஒருவன் இதையே கேட்டான். அவன் பேரை எழுத மாட்டேன், ஆனால் அவன் இதைப் படிப்பான்.

விம்பிள்டனில் 1968-இல்தான் முதல் தடவையாகத் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். ஆண்களில் வென்ற ராட் லேவருக்கு 2000 பவுண்டு. பெண்களில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு. நான் போட்ட முக்கால் பங்குக் கணக்கு மாதிரி இங்கேயும் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு மூன்று என்றாலும் 1200 வர வேண்டும்.

1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போட்டி. ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1500 டாலர் என்று அறிவித்தார்கள். கிங்கும் மற்ற வீராங்கனைகளுமாக ஒன்பது பேர், அந்தப் போட்டி எங்களுக்கு வேண்டாம் என்று ஹூஸ்டன் நகரத்தில் தனியாக ஒரு போட்டி ஆடினார்கள். ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து! அதில் இரண்டு பேர் ஆஸ்திரேலியாக்காரர்கள். அவர்களுடைய நாட்டுச் சங்கமே அவர்களுக்குத் தடை போட்டது. நம்மில் எத்தனை பேர் இப்படி ஒரு ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தைரியமாகப் போவோம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

1972-இல் கிங் அமெரிக்க ஓபனை வென்றார். கிடைத்தது 10,000 டாலர். ஆண்களில் வென்ற நஸ்டாசேவுக்கு 25,000. சமமாகக் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் வரமாட்டேன் என்று கிங் சொல்லிவிட்டார். 1973-இல் இருவருக்கும் 25,000 ஆனது. பற்றாக்குறைப் பணத்தை ஒரு கம்பெனி கொடுத்தது. அது வியர்வை நாற்றம் போகப் பூசுகிற பொருள் தயாரிக்கிற கம்பெனி என்று படித்ததும் நூலகத்திலேயே சிரித்துவிட்டேன். அந்த வருடம் ஜெயித்து அந்தப் பணத்தை வாங்கியது கிங் இல்லை, மார்கரெட் கோர்ட். அப்போது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். கிங் மூன்றாவது சுற்றிலேயே வெளியே போய்விட்டார். போராடினது ஒருத்தர், வாங்கினது இன்னொருத்தர். அதுவும் நல்லதுதான்.

அமெரிக்காவில் 1973-இல் வந்தது விம்பிள்டனுக்கு வர 34 வருடம் ஆனது. இடையில் நடந்த 2005-ஆம் வருட விம்பிள்டனைத்தான் நம் வகுப்புப் பையன் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வருடம் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் ரோஜர் பெடரர், ஆண்டி ரோடிக்கை நேர் செட்டில் ஜெயித்தார். 1 மணி 41 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பெண்கள் இறுதி ஆட்டத்தில் வீனஸ் வில்லியம்ஸும் லிண்ட்சே டேவன்போர்ட்டும் மோதினார்கள். மூன்றாவது செட் 9-7 வரை போய் வீனஸ் ஜெயித்தார். 2 மணி 45 நிமிடம்! பெண்கள் ஒரு மணி நேரம் அதிகமாக ஆடியிருக்கிறார்கள். பரிசு? பெடரருக்கு 630,000 பவுண்டு, வீனஸுக்கு 600,000. நேரத்துக்குத்தான் காசு என்றால் அந்த வருடம் வீனஸுக்கல்லவா கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும்? யாரும் கொடுக்கவில்லை.

அந்த இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் வீனஸ் அதிகாரிகளின் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உங்கள் மகள் விளையாடுகிறாள், அவளுக்கு மட்டும் குறைவாகக் கிடைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள் என்று கேட்டாராம். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் என்றால் நான் சாப்பிடக்கூட மாட்டேன். இவர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அப்படியும் அடுத்த வருடம் மாறவில்லை. 2006-இல் பெடரருக்கு 655,000, பெண்களில் வென்ற பிரான்ஸ் வீராங்கனை அமேலி மௌரெஸ்மோவுக்கு 625,000. 2007-இல்தான் இருவருக்கும் 700,000 என்று சமமானது. முதலில் வாங்கியது வீனஸ்தான். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கை தட்டத் தோன்றியது.

நேரத்துக்குக் காசு என்பதே டென்னிஸில் கிடையாது. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் முதல் சுற்றில் 3 நாளாக, மொத்தம் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். தோற்ற மஹுவுக்கு முதல் சுற்றில் தோற்றவருக்கு உண்டான பணம்தான். ஒரு மணி நேரத்தில் தோற்றவருக்கும் அதேதான். ஆண்களுக்குள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பெண்கள் வந்தால் மட்டும் கடிகாரத்தை எடுக்கிறார்கள். 100 மீட்டர் ஓட்டத்துக்கும் மாரத்தானுக்கும் ஒரே தங்க மெடல்தானே கொடுக்கிறார்கள்?

இன்னொன்று. கிராண்ட் ஸ்லாம் தவிர மற்ற போட்டிகளில் ஆண்களும் 3 செட்தான் ஆடுகிறார்கள். அங்கேயாவது சமமா என்று பார்த்தேன். 2023-இல் ரோம் போட்டியில் பெண்களுக்கான மொத்தப் பரிசு, ஆண்களுடையதில் பாதிகூட இல்லை. ஆண்களுக்கும் மூணு செட், பெண்களுக்கும் மூணு செட், அப்புறம் என்ன காரணம்? அதே வருடம் பெண்கள் டென்னிஸ் சங்கம், பெரிய போட்டிகளில் 2027-க்குள்ளும் மற்றவற்றில் 2033-க்குள்ளும் சமமாக்கப்போவதாக அறிவித்தது. 2033-இல் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கலாம்! எங்கள் அம்மா களையெடுக்கப் போகிறபோதும் இப்படித்தான். ஆண்களும் பெண்களும் ஒரே நேரத்துக்குக் காட்டில் இறங்கி ஒரே நேரத்துக்குக் கரையேறுகிறார்கள். கூலி மட்டும் வேறு.

இப்போது முக்கியமான கேள்வி. பெண்களுக்கு 3 செட் என்று யார் முடிவு செய்தது? பெண்களால் முடியாது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கச் சாம்பியன்ஷிப் போட்டியில் 1891 முதல் 1901 வரை பெண்கள் இறுதி ஆட்டம் 5 செட்டாகத்தான் இருந்தது. 1898-இல் ஜூலியட் அட்கின்சன், மரியன் ஜோன்ஸ் இரண்டு பேரும் ஐந்து செட்டும் ஆடி மொத்தம் 51 கேம் போயிருக்கிறது. கணுக்கால் வரை தொங்குகிற நீளப் பாவாடையோடு! 1902-இல் நிர்வாகிகள் அதை 3 செட்டாகக் குறைத்துவிட்டார்கள். 1901-இல் வென்ற எலிசபெத் மூர், ஆடுகிற பெண்களைக் கேட்காமல் எப்படி மாற்றலாம் என்று எதிர்ப்புச் சொன்னார். கேட்டவர் யாரும் இல்லை.

பிறகு 1984 முதல் 1998 வரை நியூயார்க்கில் நடந்த பெண்களின் ஆண்டு இறுதிப் போட்டியில், கடைசி ஆட்டம் மட்டும் 5 செட். 1990-இல் மோனிகா செலஸ், கேப்ரியலா சபாட்டினியை ஐந்து செட்டில் ஜெயித்தார். 3 மணி 47 நிமிடம். அப்போது செலஸுக்கு 16 வயது. நம் பள்ளி அக்காக்களின் வயது.

அளவைக் குறைப்பதும் அவர்களே, குறைவாக ஆடுகிறாய் என்று காசைக் குறைப்பதும் அவர்களே. எங்கள் கபடியும் அப்படித்தான். பதினைந்து நிமிடம் என்று நாங்களா கேட்டோம்?

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். "ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வருது, டிவியில பாக்கறாங்க" என்று சொல்கிறார்கள். பல இடத்தில் அது உண்மைதான். எங்கள் கபடிக்கும் கூட்டம் கம்மி. ஆனால் எங்கள் ஆட்டத்தை வைத்தது மத்தியானம் 12 மணி வெயிலில். ஆண்கள் ஆட்டம் ராத்திரி, டியூப் லைட் போட்டு, மைக் செட்டோடு. பிரெஞ்சு ஓபனிலும் 2021 முதல் ராத்திரியில் தனியாக ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். 2024-இலும் 2025-இலும் அதில் பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட இல்லை. பெண்கள் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடலாம், டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும் என்பது காரணம். திரும்பவும் அந்த மூணு செட்! அந்தக் காரணத்தைச் சொன்ன போட்டி இயக்குநர் யார் தெரியுமா? 2006-இல் 30,000 பவுண்டு குறைவாக வாங்கிய அதே மௌரெஸ்மோ. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, என்னவோ போல் ஆகிவிட்டது.

"அவங்களுக்குத்தான் கோடி கோடியா வருதே, இதுல என்ன அழுகை?" என்று என் தம்பி கேட்டான். கோடி வருவது மேலே இருக்கிற கொஞ்சம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், தங்குகிற இடம், பயிற்சியாளர் எல்லாம் சொந்தக் காசு. ஒரு பெரிய போட்டியின் முதல் சுற்றில் கிடைக்கிற பணத்தில்தான் அடுத்த மாதங்களை ஓட்ட வேண்டும். பிரெஞ்சு ஓபன் 2006-இல் சாம்பியனுக்கு மட்டும் சமமாக்கி, அடுத்த வருடம்தான் எல்லாச் சுற்றுக்கும் சமமாக்கியது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய விஷயம். நம் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் ஜெயித்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அவரைப் போல் முதல் சுற்று, இரண்டாம் சுற்று ஆடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பணம் உயிர்.

இதை எழுதிக் காட்டியபோது மிஸ், "காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்கள். இரண்டு வரியை எடுத்துவிட்டேன்.

நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இருபது இருபது நிமிடம் கொடுத்தாலும் ஆடுகிறோம், பதினைந்து கொடுத்தாலும் ஆடுகிறோம், பரிசு ஒன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆட்டத்தையும் லைட் போட்டு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அந்த அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு, "கூட்டத்துல வச்சுப் பேசுறோம்" என்றார். அந்தக் கூட்டத்துக்கு நாங்களும் வரலாமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி