வாயுக் குழாயும் மனித உயிரும்

1937-ஆம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி பிற்பகல், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்னுமூரில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்து நொறுங்கியது. மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். செலவை மிச்சப்படுத்தும் பொருட்டு, நிர்வாகிகள் எண்ணெய் வயலின் கழிவு வாயுக் குழாயிலிருந்து இணைப்புச் செய்திருந்தனர். கசிந்த வாயு தரைக்கடியில் நிரம்பியது; அதற்கு மணமில்லையாதலால் எவரும் அறியவில்லை. மின்சார இயந்திரமொன்றை முடுக்கியபோது எழுந்த பொறியே போதுமானதாயிற்று. வாயுவில் துர்நாற்றப் பொருள் கலக்கவேண்டுமென்று அம்மாகாணத்தார் சட்டம் செய்தது அதன் பின்னரே.

இஃது அயலார் கதையென்று நாம் வாளாவிருக்கலாகாது. 2014-ஆம் வருஷம் ஜூன் 27-ந் தேதி விடியற்காலையில், ஆந்திர தேசத்தில் அப்போது கிழக்குக் கோதாவரி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ‘நகரம்’ என்னும் கிராமத்தில் வாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றி, 20-க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். குழாய்க்கு உடையவர் அந்நியரல்லர். நமது சர்க்காரின் கம்பெனியே. அந்நிய ஆட்சியில் இது நேர்ந்திருந்தால் நாம் எவ்வளவு ஆவேசத்துடன் முழங்கியிருப்போம்! சுயராஜ்யத்தில் நேர்ந்தமையால் உயிரின் விலை குறைந்துவிடுமா?

குடியானவனிடம் சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது. 1962-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குழாய் செல்லும் நிலத்தில் அவன் வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது. இத்தனை கடமைகளை ஏற்றவனுக்கு, குழாயைப் பரிசோதித்த விவரத்தைக் கேட்கும் உரிமை இல்லையா? அபாயகரமான தொழிலை நடத்துவோர், அஜாக்கிரதை ருசுவாகாவிடினும், விளையும் தீங்குக்கு முழுப் பொறுப்பாளிகள் என்று 1986-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு மாண்டவரை மீட்பதில்லை.

ஆகவே வேண்டுவது முன்ஜாக்கிரதை. மண் தோண்டுமுன் கம்பெனிக்கு அறிவித்துக் குழாய் செல்லும் வழியை அடையாளமிடச் செய்தல் வேண்டும். குழாயை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டுதல் வேண்டும். கசிவைச் சோதிப்பது சோப்பு நீரால். ஒருபோதும் தீக்குச்சியால் அன்று. இயற்கை எரிவாயு காற்றினும் லேசானது, மேலெழும். புரொப்பேனோ காற்றைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுள்ளது. பள்ளத்திலும் சாக்கடையிலும் பதுங்கும். நாற்றம் வீசினால் மின்சார ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அனைவரையும் வெளியேற்றித் தொலைவிலிருந்து தகவல் சொல்லல் வேண்டும். பெருங்குழாய்களின் வாயுவுக்கு மணமே இல்லாதிருக்கலாம். சீறும் ஓசை, தேங்கிய நீரில் குமிழி, காரணமின்றிக் கருகிய பயிர் இவையே அங்கு எச்சரிக்கை.

இவற்றை எழுத்தறியாத கூலியாளுக்கும் அவன் பாஷையில் போதிப்பது கம்பெனியின் கடமை. கசிவென்று கிராமத்தார் முறையிட்டால் தேதியிட்ட ரசீதும் அன்றைக்கே சோதனையும் கிடைத்தாக வேண்டும். தேச ஊழியர்கள் கிராமந்தோறும் இதனைக் கேட்கட்டும். பூமிக்கடியில் புதைந்திருப்பது குழாய் மட்டுமே. அதற்குரிய பொறுப்பையும் சேர்த்துப் புதைக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.