தாமிரம் தேடும் கொல்கத்தா: குத்தகை யாருக்கு?

கொல்கத்தாவின் சௌரங்கியில், இந்திய அருங்காட்சியகத்தை ஒட்டி, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் தலைமையகம் இருக்கிறது. 1851இல், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில், நீராவிக் கப்பல்களுக்கும் வரவிருந்த ரயில்களுக்கும் நிலக்கரி தேடுவதற்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அதன் நிலவியலாளர்கள் வரைந்த வரைபடங்களின் மீதுதான் வெள்ளை முதலாளிகள் தங்கள் குத்தகை எல்லைகளைக் கீறிக்கொண்டார்கள். ராணிகஞ்ச், ஜாரியா வட்டாரங்களின் சந்தால்களும் பௌரிகளும் சுரங்கக் கூலிகளானார்கள்.

அதே அமைப்பின் நிலவியலாளர்கள் இப்போது ஜாம்பியாவுக்குச் செல்கிறார்கள். தாமிரமும் கோபால்ட்டும் தேட 9,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை இந்தியாவுக்கு ஒதுக்க அந்நாடு ஒப்புக்கொண்டிருப்பதாக 2025 பிப்ரவரியில் செய்தி வெளியானது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் 16,300 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய முக்கிய கனிமங்கள் இயக்கத்துக்கு மோடி அரசு ஒப்புதல் அளித்திருந்தது. தெற்குலக நாடுகளின் ஒத்துழைப்பு என்ற பட்டாடை இதற்குப் போர்த்தப்படுகிறது. அந்தப் பட்டாடையை விலக்கிப் பார்க்க வேண்டியது தமிழ்நாட்டின் உழைக்கும் மக்களுக்கு மிகவும் அவசியம். ஏனெனில் ஜாம்பியாவின் தாமிரக் கதையில் அவர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பெயர் வருகிறது.

ஜாம்பியா நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட நாடு. ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாமிரத்திலிருந்து வருகிறது. மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைச் சுரங்கங்களே விழுங்குகின்றன. அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின்சாரம். எனவே 2024இல் கடும் வறட்சி வந்தபோது மக்காச்சோளமும் கருகியது, வீடுகளும் இருண்டன. இவ்வளவு தாது இருந்தும் இவ்வளவு வறுமை ஏன் என்று கேட்டால், முதலாளித்துவப் பொருளாதார அறிஞர்களிடம் ஆயத்தமான விடை ஒன்று உண்டு: கடல் இல்லை, அதனால் வளர்ச்சி இல்லை. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பால் காலியர் 2007இல் எழுதிய நூலில், வறிய நாடுகளைப் பிடித்து வைத்திருக்கும் நான்கு பொறிகளில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்.

ஜாம்பியாவின் ஏற்றுமதிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அதன் தாமிரத்தில் பெரும்பங்கு சுவிட்சர்லாந்துக்குப் போவதாகப் பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. உலோகம் அங்கே போய்ச் சேருவதே இல்லை. அங்கே அமர்ந்திருக்கும் வணிக நிறுவனங்களின் கணக்கேடுகளுக்கு மட்டுமே அது போகிறது. சுவிட்சர்லாந்துக்கும் கடல் கிடையாது! தாது கிடக்கும் கடலற்ற நாடு கடனில் மூழ்க, கணக்கெழுதும் கடலற்ற நாடு கொழிக்கிறது என்றால், குற்றவாளி புவியியல் அல்ல.

விடுதலைக்கு முன்பு, சிசில் ரோட்ஸ் நிறுவிய பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிதான் வடக்கு ரொடீசியா என்று அழைக்கப்பட்ட இந்த மண்ணின் கனிம உரிமைகளை வைத்திருந்தது. 1964 அக்டோபர் விடுதலைக்கு முந்தைய நாட்கள் வரை ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி வாங்கியது. கம்பெனி ஆட்சி என்றால் என்னவென்று கொல்கத்தாவுக்கு விளக்கத் தேவையில்லை. 1935 மே மாதம் வரி உயர்வை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த லுவான்ஷ்யா சுரங்கத் தொழிலாளர்கள் 6 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1940இல் இங்கானா சுரங்கத்தில் 17 பேர். ஜாம்பியத் தொழிற்சங்க இயக்கம் அந்த இரத்தத்திலிருந்து எழுந்தது.

விடுதலை பெற்ற நாட்டின் அதிபர் கென்னத் கவுண்டா 1969இல் சுரங்கங்களின் 51 விழுக்காட்டுப் பங்குகளை அரசுடைமையாக்குவதாக அறிவித்தார். வெள்ளை இனவெறி ரொடீசியாவுடனான எல்லை 1973இல் மூடப்பட்டு, தெற்கு வழியாகக் கடலுக்குப் போகும் பாதை அடைபட்டபோது, மேலை நாடுகள் இலாபமில்லை என்று கைவிட்ட ரயில் பாதையைச் செஞ்சீனம் வட்டியில்லாக் கடனில் கட்டிக்கொண்டிருந்தது. தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர் நீளும் பாதை அது. அரசியல் உறுதி இருந்தால் நிலம் சூழ்ந்த நாட்டுக்கும் கடல் கிடைக்கும் என்பதற்கு அந்தத் தண்டவாளம் சான்று. அரசுச் சுரங்க நிறுவனம் தொழிலாளருக்கு வீடு, மருத்துவமனை, பள்ளி, குடிநீர் எல்லாம் தந்தது. நெய்வேலி நகரியத்தை அறிந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை எளிதில் விளங்கும். குறைகளும் இருந்தன. நிர்வாகம் சில ஆண்டுகள் பழைய முதலாளிகளிடமே ஒப்பந்தத்தில் விடப்பட்டது. ஒரு கட்சி ஆட்சியில் தொழிற்சங்கங்களின் வாய் கட்டப்பட்டது. தொழிலாளர் கட்டுப்பாடு இல்லாத அரசுடைமை எவ்வளவு எளிதில் குலையும் என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின.

1970களின் நடுவில் தாமிர விலை சரிந்தது, கடன் பெருகியது, பன்னாட்டு நிதியம் உள்ளே நுழைந்தது. 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவுக்கான மானியம் வெட்டப்பட்டபோது தாமிர வட்டாரம் கொதித்தெழுந்தது, உயிர்கள் பலியாயின. 1991இல் ஆட்சிக்கு வந்த பிரடரிக் சிலுபா தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். அவரது ஆட்சிதான் சுரங்கங்களைத் துண்டு துண்டாக்கி 1997 முதல் 2000க்குள் பெரும்பாலும் விற்றுத் தீர்த்தது. தொழிலாளர் தோளில் ஏறி வந்தவர் தொழிலாளரை விற்பது எங்கும் காணாத காட்சியும் அல்ல. வாங்கியவர்களுக்கு ராயல்டி 0.6 விழுக்காடு என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கப்பட்டது. நூறு டாலர் தாமிரத்துக்கு அறுபது சென்ட்! அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகச் சந்தையில் தாமிர விலை டன்னுக்கு 1,500 டாலர் அளவிலிருந்து 8,000 டாலரைத் தாண்டியது. 2008இல் கொண்டுவரப்பட்ட திடீர் இலாப வரியை நிறுவனங்களின் அழுத்தத்தால் மறு ஆண்டே அரசு விலக்கிக்கொண்டது.

அந்த விற்பனையின் வால் பகுதியில்தான் வேதாந்தா வருகிறது. நாட்டின் பெரிய சுரங்கங்களில் ஒன்றான கொங்கோலாவின் 51 விழுக்காட்டுப் பங்கை 2004இல் அது வெறும் 2.5 கோடி டாலருக்குப் பெற்றது. 2013இல் நட்டம் என்று சொல்லி 1,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வெளியேற்றத் திட்டமிட்டது. மறு ஆண்டு, பெங்களூருவில் ஒரு கூட்டத்தில், இவ்வளவு மலிவாக வாங்கிய சுரங்கம் ஆண்டுதோறும் குறைந்தது 50 கோடி டாலர் தருகிறது என்று அனில் அகர்வால் பெருமிதத்தோடு பேசிய காணொளி வெளியாகி ஜாம்பிய மக்களைக் கொந்தளிக்க வைத்தது. தொழிலாளருக்கு ஒரு கணக்கு, தொழிலதிபர்கள் கூடும் மேடைக்கு வேறு கணக்கு.

இந்த வித்தை இந்தியாவில் பயின்றதுதான். வாஜ்பாய் அரசு 2001இல் பால்கோ அலுமினிய நிறுவனத்தின் 51 விழுக்காட்டை 551 கோடி ரூபாய்க்கு இதே குழுமத்துக்குக் கொடுத்தது. கோர்பா தொழிலாளர்கள் 67 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தும் விற்பனை நிற்கவில்லை. மறு ஆண்டு ஹிந்துஸ்தான் ஜிங்க் போனது. அந்த விற்பனை குறித்து வழக்குப் பதிவு செய்து விசாரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைக்கு உச்ச நீதிமன்றம் 2021இல்தான் உத்தரவிட்டது.

கொங்கோலா சுரங்கத்தின் அமிலக் கழிவு 2006 நவம்பரில் காஃபுயே ஆற்றை நாசமாக்கியது. சிங்கோலா வட்டாரக் கிராமத்தினர் உள்நாட்டு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். பின்னர் 1,826 பேர் லண்டனில் தாய் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். அந்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் வேதாந்தா சமரசத்துக்கு இறங்கி வந்தது. இதே நிறுவனத்தின் நச்சுக்கு எதிராக 2018 மே 22 அன்று தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்ற மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் மாண்டனர். லுவான்ஷ்யாவுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 83 ஆண்டுகள் கடந்திருந்தன.

2019இல் ஜாம்பிய அரசு கொங்கோலாவை வேதாந்தாவின் கையிலிருந்து எடுத்தது. ஆனால் 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட இயலாமல் நாடு திவால் நிலைக்குப் போனது. பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகள் மீண்டும் வந்தன. ஹிச்சிலேமா அரசு 2024இல் சுரங்கத்தை அதே வேதாந்தாவிடம் திருப்பிக் கொடுத்தது. கடன்காரன் கழுத்தைப் பிடித்திருக்கும்போது கொடுக்கப்படும் ஒப்புதலை நட்புறவு என்று அழைப்பது கேலி. சீன நிறுவனங்களுக்கும் இங்கே விதிவிலக்கு இல்லை. 2025 பிப்ரவரியில் கிட்வே அருகே ஒரு சீன நிறுவனத்தின் கழிவு அணை உடைந்து அதே காஃபுயே ஆற்றில் அமிலம் பாய்ந்தது. அன்று ரயில் பாதை கட்டிய சீனத்தின் பெயரைச் சொல்லி இன்றைய இலாப வேட்டையை மூடி மறைப்பது சர்வதேசியம் ஆகாது.

மீண்டும் கொல்கத்தாவுக்கு வருவோம். ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தின் தலைமையகமான தாம்ர பவனும் இந்நகரில்தான் உள்ளது. 1967இல் பொதுத்துறையில் உருவான இந்நிறுவனத்தோடு, காட்சிலாவில் பிரிட்டிஷ் மூலதனம் நடத்திவந்த சுரங்கமும் உருக்காலையும் 1972இல் நாட்டுடைமையாகிச் சேர்ந்தன. தாது வெட்டுவது முதல் தாமிரக் கம்பி வரை ஒரே கூரையின் கீழ் செய்யக்கூடிய ஆற்றல் இதற்கு இருந்தது. அந்த ஆற்றல் எப்படித் தேய்க்கப்பட்டது? ராஜஸ்தானின் கேத்ரி உருக்காலை 2008இல் மூடப்பட்டது. காட்சிலா வட்டாரத்தின் ராக்கா சுரங்கம் 2001 முதல் மூடிக் கிடந்தது. அதை உருவாக்கி இயக்கும் நீண்டகால ஒப்பந்தம் 2025 ஜனவரியில் ஜிண்டால் குழுமத்துக்குப் போனது. பொதுத்துறையிடம் உருக்கும் திறன் சுருங்க, முந்த்ராவில் அதானி குழுமத்தின் ஐந்து லட்சம் டன் தாமிர உருக்காலை 2024 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. அந்த உலைக்கு வெளிநாட்டுத் தாது வேண்டும். ஜாம்பியாவில் மக்கள் பணத்தில் தேடப்போவதும் தாதுதான்.

ஸ்டெர்லைட்டை மூடியதால்தான் தாமிர ஏற்றுமதி நாடு இறக்குமதி நாடானது, எனவே வெளிநாட்டில் தேடியே ஆக வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. ஸ்டெர்லைட் உருக்கியதே பெரும்பாலும் இறக்குமதியான தாதுதான். நச்சை இங்கே விட்டுவிட்டு இலாபத்தை வெளியே கொண்டுபோகும் ஏற்பாட்டைத் தற்சார்பு என்று சொல்ல இயலாது. ஆலையைத் திறக்கக் கோரிய வேதாந்தாவின் மனுவை உச்ச நீதிமன்றமே 2024 பிப்ரவரி 29இல் தள்ளுபடி செய்துவிட்டது. நாட்டுக்குத் தாமிரம் தேவை என்பதை மறுப்பாரில்லை. கேத்ரியின் உலையை அணைத்தவர்கள் அந்தத் தேவையைப் பற்றிப் பேசுவதுதான் விந்தை.

ஜாம்பிய ஆய்வு முடிந்து தாது உறுதியானால் சுரங்கக் குத்தகை யார் பெயரில் எழுதப்படும்? வெளிநாட்டுக் கனிமங்களுக்காக 2019இல் உருவாக்கப்பட்ட கனிஜ் பிதேஷ் நிறுவனத்தில், அது தொடங்கப்பட்டபோது, ஹிந்துஸ்தான் காப்பருக்கு 30 விழுக்காடு பங்கு இருந்தது. பொதுத்துறைதான் சுரங்கம் வெட்டும் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் உறுதி தரட்டும். ஜாம்பியாவுக்குக் கிடைக்கும் ராயல்டி எவ்வளவு, அங்கேயே உருக்கப்படும் தாது எவ்வளவு, கழிவு அணையின் பொறுப்பு எவருக்கு என்பவற்றையும் ஒப்பந்தம் எழுதப்படும் முன்பே வெளியிடட்டும். சௌரங்கியின் ஆய்வு ஊழியர்களும், காட்சிலாவின் ஒப்பந்தத் தொழிலாளர்களும், சிங்கோலாவின் சுரங்கச் சங்கங்களும் இந்தக் கேள்விகளை ஒரே மனுவில் எழுதி அனுப்புவதற்குத் தடையேதும் இல்லை.